கல்லூரிக் கல்விக்கான நிதியுதவி: கலந்தாய்விலிருந்து வங்கிவரை

தமிழ்நாட்டில் கல்லூரிப் படிப்புக்கான நிதியுதவி என்று பொதுவாகச் சொல்லப்படுவது, தன்மையால் வேறுபட்ட மூன்று ஏற்பாடுகளின் தொகுப்பாகும். முதலாவது, மாணவரிடம் கட்டணத்தை வசூலிக்காமல் அரசே அதனைக் கல்லூரிக்கு ஈடுசெய்யும் கட்டணச் சலுகை. இரண்டாவது, மாணவரின் வங்கிக் கணக்குக்குப் பணமாக வந்துசேரும் உதவித்தொகை. மூன்றாவது, படிப்பு முடிந்தபின் வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டிய கல்விக் கடன். பேச்சுவழக்கில் இவை ‘ஸ்காலர்ஷிப்’, ‘லோன்’ என்னும் இரண்டு சொற்களுக்குள் கலந்து கிடப்பதால், சலுகையாகவே கிடைத்திருக்கக்கூடிய தொகைக்குக் கடன் வாங்கிய குடும்பங்களும், கடனுக்கான வட்டி மானியத்தைப் பற்றிக் கேள்விப்படாமலே வட்டி கட்டி முடித்த குடும்பங்களும் ஊருக்கு ஊர் உண்டு.

எந்த உதவி கிடைக்கும் என்பதை விண்ணப்பப் படிவம் தீர்மானிப்பதாகவே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், மாணவர் எந்த வழியாகக் கல்லூரிக்குள் நுழைகிறார் என்பதே அதனைப் பெரும்பாலும் முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே நிதியுதவியைப் பற்றிய ஆராய்ச்சி, சேர்க்கை முடிந்து ரசீது கைக்கு வந்தபின் தொடங்க வேண்டியதன்று. பிளஸ் டூ தேர்வு எழுதும் காலத்திலேயே தொடங்க வேண்டியது.

சேர்க்கை முறையும் சலுகையும்

சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றின் இடங்கள் இரு வகைப்படும். அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே தரவரிசைப்படி நிரப்பப்படுபவை அரசு ஒதுக்கீட்டு இடங்கள். கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பிக்கொள்பவை நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள். கட்டண நிர்ணயக் குழு 2017-இல் வகுத்தபடி, தர அங்கீகாரம் பெறாத பாடப்பிரிவுகளுக்கு அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 50,000 ரூபாயும் நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000 ரூபாயுமாகக் கட்டணம் அமைந்தது. நான்கு ஆண்டுகளில் இந்த இடைவெளி மட்டுமே 1,40,000 ரூபாயாகிறது. அதைவிடப் பெரிய இழப்பு கட்டணப் பட்டியலில் தெரிவதில்லை: அரசின் முதன்மையான கட்டணச் சலுகைகள் கலந்தாய்வு வழியாக வந்தவர்களுக்கே உரியவை என்பதால், நிர்வாக ஒதுக்கீட்டில் சேரும் மாணவர் அவற்றையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார். தேர்வு முடிவு வருமுன்பே முன்பணம் கட்டச் சொல்லி, கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று அவசரப்படுத்தும் வழக்கம் சில கல்லூரிகளில் இருப்பதை இப்பின்னணியில் நோக்கினால், அந்த முன்பணத்தின் உண்மையான விலை விளங்கும்.

இச்சலுகைகளில் பரவலாக அறியப்பட்டது முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகையாகும். 2010-11 கல்வியாண்டு முதல் நடைமுறையில் உள்ள இத்திட்டம், குடும்பத்தில் எவரும் பட்டம் பெற்றிராத நிலையில் தொழிற்கல்விப் படிப்பில் கலந்தாய்வு வழியே சேரும் மாணவருக்குச் சாதியையோ வருமானத்தையோ கருதாமல் உதவுகிறது. இங்கே ‘குடும்பம்’ என்பதில் தந்தைவழி, தாய்வழித் தாத்தா பாட்டிகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோர் அடங்குவர். சித்தப்பா பட்டதாரியாக இருப்பது தடையாகாது. அக்காள் பட்டதாரியாக இருப்பது தடையாகும். ஒரு குடும்பத்தில் ஒருவரே இச்சலுகையைப் பெற முடியும் என்பதால், இரட்டையர்களோ அடுத்தடுத்த ஆண்டுகளில் கல்லூரியில் சேரும் உடன்பிறந்தோரோ உள்ள வீட்டில், எவர் அதனைப் பயன்படுத்துவது என்பதைக் கட்டணங்களை ஒப்பிட்டு முன்னதாகவே முடிவு செய்துகொள்வது நல்லது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இதனினும் வலிமை வாய்ந்தது. மருத்துவப் படிப்புகளுக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்கல்விப் படிப்புகளுக்கு 2021-இலும் சட்டமாக்கப்பட்ட இது, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு இடத்தை உறுதிசெய்வதோடு, அந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் ஏற்பாட்டையும் உடன்கொண்டது. எனினும் பொதுத் தரவரிசையில் இடம் கிடைத்ததை மட்டுமே பெருமையாகக் கருதி, உள் ஒதுக்கீட்டில் கிடைக்கக்கூடிய கட்டணமில்லா இடத்தை ஒப்பிட்டுப் பாராமலே கைவிடும் மாணவர்கள் உள்ளனர். இரண்டு பட்டியலிலும் பெயர் வரும் மாணவர், எந்தக் கல்லூரி என்பதோடு எந்த ஒதுக்கீட்டின்கீழ் என்பதையும் பார்த்தே இடத்தை உறுதிசெய்ய வேண்டும்.

ஐஐடிகளில் சேர்வோருக்கு வேறொரு கணக்கு பொருந்தும். 2016-இல் அங்கே இளநிலைக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டபோதே, பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், குடும்ப ஆண்டு வருமானம் 1 இலட்சத்துக்குக் குறைந்தோருக்கும் முழு விலக்கும், 1 இலட்சம் முதல் 5 இலட்சம்வரை உள்ளோருக்கு மூன்றில் இரண்டு பங்கு விலக்கும் அளிக்கப்பட்டன. தொகையை மட்டும் கேள்வியுற்று, சென்னை ஐஐடி தமக்கு எட்டாதது என்று ஒதுங்கும் குடும்பங்கள் இந்த விலக்கைக் கழித்தபின் வரும் தொகையைப் பார்க்க வேண்டும்.

சான்றிதழ்கள்

மேற்கூறிய தகுதிகள் எல்லாம் காகிதத்தில் நிறுவப்பட வேண்டியவை. வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவை வருவாய்த் துறையால் வழங்கப்படுகின்றன. இ-சேவை மையத்தில் பதியப்படும் மனு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணையைக் கடந்து மேலதிகாரியின் ஒப்புதலுக்குச் செல்கிறது. முதல் பட்டதாரிச் சான்றுக்குக் குடும்ப உறுப்பினர் அனைவரின் கல்வித் தகுதியையும் அறிவிக்கும் கூட்டு உறுதிமொழியும் வேண்டும். கலந்தாய்வுக்கான பதிவு தொடங்கியபின் இம்மனுக்கள் ஒரே நேரத்தில் வந்து குவிவதால், வழக்கமான நாள்களில் எளிதாக முடியும் விசாரணை, மே, ஜூன் மாதங்களில் இழுபடுகிறது. சாதிச் சான்றும் இருப்பிடச் சான்றும் முன்கூட்டியே பெற்றுவைக்கத் தக்கவை. வருமானச் சான்றுக்கோ காலவரம்பு உண்டு என்பதால், அதனை மிக முன்னதாக வாங்கிவைப்பதும் பயன்படாது.

ஆயினும், தாமதத்தைவிட அதிகமாக விண்ணப்பங்களை வீழ்த்துவது பெயர்தான். குடும்பப் பெயர் வழக்கமில்லாத தமிழர்களுக்குத் தந்தையின் பெயரே தலைப்பெழுத்தாகிறது. அந்தத் தலைப்பெழுத்து பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் பெயருக்கு முன்னாலும், ஆதார் அட்டையில் பெயருக்குப் பின்னாலும், வங்கிப் புத்தகத்தில் முழுப் பெயராக விரிந்தும் நிற்கிறது. மனிதக் கண்ணுக்கு ஒரே ஆளாகத் தெரியும் இப்பெயர்களைக் கணினி மூன்று பேராகக் கொள்கிறது. பெயரைப் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் திருத்திக்கொள்வதே குறுக்குவழியாகும், ஏனெனில் மதிப்பெண் சான்றைத் திருத்துவது இவற்றுள் மிகக் கடினமானது.

இன்னொரு தடையும் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்துக் கணக்குத் தொடங்குவது வேறு. அரசின் பணம் ஆதார் எண்ணைக் கொண்டே வந்துசேரும்படி அக்கணக்கை இணைப்பது வேறு. இரண்டாவது இணைப்பு, தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தின் பதிவேட்டில் ஒரு நேரத்தில் ஒரே வங்கிக்குத்தான் இருக்க முடியும். மாணவர் வேறு தேவைக்காக மற்றொரு வங்கியில் கணக்குத் தொடங்கி அங்கே இந்த இணைப்புக்கும் ஒப்புதல் அளித்துவிட்டால், உதவித்தொகை அந்தப் புதிய கணக்குக்குச் சென்றுவிடுகிறது. பழைய பாஸ்புக்கில் வரவு பதிவாகவில்லை என்று கல்லூரி அலுவலகத்தோடு வாதிடுவதால் பயனில்லை.

கணக்குக்கு வரும் பணம்

உதவித்தொகைகளில் சில மாநில அரசின் இணையதளம் வழியாகவும், சில மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளம் வழியாகவும் பெறப்படுகின்றன. மாநிலத் திட்டங்கள் பலவற்றுக்குப் பள்ளிக் காலத்து ‘எமிஸ்’ எண்ணும் கல்லூரிக் காலத்து ‘யூமிஸ்’ எண்ணும் பொருந்த வேண்டியிருப்பதால், கல்லூரியில் இதற்கெனப் பொறுப்பேற்றுள்ள ஒருங்கிணைப்பு அலுவலர் யார் என்பதை மாணவர் முதல் வாரத்திலேயே அறிந்துகொள்வது பயன்தரும். மாணவர் விண்ணப்பித்துவிட்டாலும், கல்லூரி தன் பங்குக்குச் சரிபார்த்து மேலனுப்பும்வரை அந்த விண்ணப்பம் நகர்வதில்லை.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இவற்றுள் மிகப் பழமையானது. 1944-இல், விடுதலைக்கு முன்பே தொடங்கப்பட்டது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்கு மிகாதிருத்தல் இதற்கான வரம்பாகும். செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 40 விழுக்காடாகப் பகிர்ந்துகொள்கின்றன. கல்லூரிக்குச் சேர வேண்டிய கட்டணத்தின் ஒரு பகுதி மாணவரின் கணக்குக்கே வருவதால் ஒரு சிக்கல் எழுகிறது: பணம் வந்த மாதத்தில் வீட்டில் வேறு அவசரம் இருந்தால் அது அங்கே செலவாகிவிடுகிறது, பின்னர் கல்லூரி நிலுவை என்று தேர்வுச் சீட்டையோ சான்றிதழையோ நிறுத்திவைக்கிறது. குறுஞ்செய்தி வந்த அன்றே அத்தொகையைக் கல்லூரிக்குச் செலுத்தி ரசீது பெறுவதைக் குடும்பம் ஒரு நியதியாகவே வைத்துக்கொள்ளல் வேண்டும்.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கப்பட்டது. தாலிக்குத் தங்கம் வழங்கிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டதன் விளைவே இது. ஒரு மாநிலம் பெண்ணின் திருமணத்துக்குக் கொடுத்த பணத்தை அவள் படிப்புக்குத் திருப்பியது சிறிய செய்தியன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவிக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. 2024 இறுதியில் இது அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் விரிவாக்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. வேறு உதவித்தொகை பெறுவோரும் இவற்றைப் பெறலாம் என்பது பலர் அறியாத நன்மை.

மத்தியத் திட்டங்களில், பன்னிரண்டாம் வகுப்பில் தம் தேர்வு வாரியத்தின் முன்னணி ஐந்தில் ஒரு பங்கினருக்குள் வருவோர்க்கான கல்லூரி மாணவர் உதவித்தொகை இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது. குடும்ப வருமான வரம்பு 4.5 இலட்சம். ஒவ்வோர் ஆண்டும் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் காட்டிப் புதுப்பிக்கத் தவறினால் இது நின்றுவிடும். தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவியருக்கான பிரகதி திட்டம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வழங்குகிறது. வருமான வரம்பு 8 இலட்சம், ஒரு குடும்பத்தில் இருவர்வரை. அறக்கட்டளைகளின் உதவி இவற்றுக்கு அப்பாற்பட்டது. விதிகள் அறக்கட்டளைதோறும் மாறுபடும். உதவி பெற்றுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் எந்தச் சான்றிதழையும் கொடுக்கலாகாது என்பதொன்றே எல்லாவற்றுக்கும் பொது.

கடன்

சலுகையும் உதவித்தொகையும் கழிந்தபின் எஞ்சும் தொகைக்கே கடன் கேட்க வேண்டும். கல்லூரி தரும் கட்டண விவரப் பட்டியலை அப்படியே வங்கியில் நீட்டினால், தேவைக்கு மேற்பட்ட தொகை ஒப்பளிக்கப்படுவது எளிது. அதனைக் கடைசியில் அடைப்பது மாணவரே.

பொதுத்துறை வங்கிகள் இந்திய வங்கிகள் சங்கம் 2001 முதல் வகுத்துவரும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தைத் தழுவிக் கடன் தருகின்றன. இதன்படி 4 இலட்சம் ரூபாய்வரை சொத்துப் பிணையோ பிறர் பொறுப்போ கேட்கப்படுவதில்லை. குடும்பம் தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கும், அதாவது மார்ஜின் தொகையும், இல்லை. 4 இலட்சத்துக்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காடு மார்ஜின் உண்டு. உதவித்தொகையை அதில் சேர்த்துக் காட்டலாம். 7.5 இலட்சம்வரையிலான கடனுக்கு 2015 முதல் அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால், அவ்வரம்புக்குள் வரும் கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்கப்பட்டால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்பது முறையானதே. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையொப்பமிடுவது மட்டும் எல்லாத் தொகைக்கும் பொருந்தும்.

படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லாத விடுமுறைக் காலமாகும். தவணைதான் இல்லையே தவிர வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதைக் குடும்பங்கள் பெரும்பாலும் முதல் தவணை நோட்டீசில்தான் காண்கின்றன. இக்கணக்கை விளக்கமாகப் பார்ப்பது தகும். நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கத்தில் 1 இலட்சம் வீதம் 4 இலட்சம் ரூபாய், 9 விழுக்காடு தனி வட்டியில் பெறப்படுவதாகக் கொள்ளலாம். முதல் இலட்சம் ஐந்து ஆண்டுகள் வட்டி சேர்த்து 45,000 ரூபாயையும், இரண்டாவது 36,000, மூன்றாவது 27,000, நான்காவது 18,000 ரூபாயையும் சுமந்து நிற்க, தவணை தொடங்கும் நாளில் கடன் 5,26,000 ரூபாயாகிவிடும். அதனைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 6,660 ரூபாய். வட்டி அவ்வப்போதே கட்டப்பட்டிருந்து 4 இலட்சம் மட்டுமே நின்றிருந்தால், அது 5,070 ரூபாய் அளவில் இருந்திருக்கும். அன்றன்றைக்குக் கட்டியிருந்தால் 1,26,000 ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய வட்டி, பத்து ஆண்டுத் தவணையில் ஏறக்குறைய 1,90,000 ரூபாயாகப் பெருகுகிறது. முதல் ஆண்டில் கட்ட வேண்டிய வட்டி மாதம் 750 ரூபாய்தான். புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாயே அதற்குப் போதும், ஆனால் அப்பணம் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் உரியது என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. படிப்புக் காலத்திலேயே வட்டியைச் செலுத்துவோருக்கு வட்டி வீதத்தில் 1 விழுக்காடுவரை குறைக்கவும் மாதிரித் திட்டம் இடமளிக்கிறது.

பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 இலட்சம் ரூபாய்க்குள் இருந்தால், தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி மாணவர்களுக்கு அந்த விடுமுறைக் காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசே செலுத்தும் மானியத் திட்டம் 2009-10 முதல் உள்ளது. மேற்கண்ட கணக்கில் 1,26,000 ரூபாயும் மறைந்துவிடும் என்பதே இதன் பொருள். ஆனால் கல்லூரியோ பாடப்பிரிவோ நாக் அல்லது என்பிஏ தர அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும், கடன் மாதிரித் திட்டத்தின்கீழ் தரப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே முதல் நிபந்தனையைப் பார்த்துக்கொண்டால்தான் இது கைகூடும். மானியம் தானாக வருவதில்லை. உரிய அதிகாரி வழங்கிய வருமானச் சான்றைக் கடன் கோரும்போதே கிளையில் கொடுத்து, மானியத்துக்குத் தம் கணக்கு பதியப்பட்டதா என்பதை ஆண்டுதோறும் மாணவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். படிப்பை இடையில் விட்டுவிட்டால், மருத்துவக் காரணம் இருந்தாலன்றி, இது கிடைக்காது.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் முன்னணியில் உள்ள நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) திறமை அடிப்படையில் சேர்வோருக்கானது. குடும்ப வருமானம் 8 இலட்சம்வரை உள்ளோர்க்கு 10 இலட்சம்வரையிலான கடனுக்கு, விடுமுறைக் காலத்தில் 3 விழுக்காடு வட்டித் தள்ளுபடி இதில் கிடைக்கிறது. இங்கும் சேர்க்கை வழியே முதல் கேள்வியாக நிற்பதைக் காணலாம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தோர்க்கு மாதிரித் திட்டத்தின்கீழ்க் கடன் தருவது வங்கியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

மறுக்கப்படும்போது

‘இந்தக் கிளையில் கல்விக் கடன் கொடுப்பதில்லை’ என்று கவுன்டரிலேயே வாய்மொழியாகச் சொல்லப்படுவது, கணக்கில் வராத மறுப்பாகும். விண்ணப்பமே பதிவாகாததால் அதன்மேல் முறையிட எதுவும் இருப்பதில்லை. இணையத்தில் வித்யாலட்சுமி தளத்தின் வழியே விண்ணப்பிப்பதன் முதன்மையான பயன், விண்ணப்ப எண்ணும் நாளும் பதிவில் நிற்பதே. பெற்றோரின் இருப்பிடத்துக்கு அருகிலுள்ள கிளையையே முதலில் அணுகுவது வழக்கு. மாதிரித் திட்டம், விண்ணப்பத்தின்மீது 15 நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும், மறுப்பதாயின் கிளை மேலாளருக்கு அடுத்த மேலதிகாரியின் இசைவோடு காரணம் காட்டி மறுக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

காரணம் எழுத்தில் வந்தபின், அது ஆவணக் குறையா, தகுதிக் குறையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆவணக் குறையாயின் திருத்தி மீண்டும் கொடுப்பதே விரைவான வழி. தகுதி மறுப்பு ஏற்கத்தக்கதாக இல்லையெனில் வங்கியின் மண்டல அலுவலகத்துக்கும், மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளருக்கும் எழுதலாம். மாவட்ட ஆட்சியர்கள் நடத்தும் கல்விக் கடன் முகாம்களில் பல வங்கிகளின் அலுவலர்கள் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பதால், கிளையில் மாதக்கணக்கில் கிடந்த கோப்பு அங்கே அசைவதுண்டு. வங்கிக்கு எழுதிய புகாருக்கு 30 நாளில் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, 2021 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் வங்கியின் வணிக முடிவுக்குள் நுழைவதில்லை. ஆகவே புகாரில், கடன் தரவில்லை என்பதை முன்வைப்பதைவிட, விண்ணப்பத்தை வாங்க மறுத்தது, காலவரம்பை மீறியது, காரணம் தெரிவிக்காதது ஆகிய சேவைக் குறைபாடுகளை நாள்வாரியாக எடுத்துக்காட்டி, விண்ணப்ப எண்ணையும் வங்கிக்கு எழுதிய கடிதத்தின் ஒப்புகையையும் இணைப்பதே பொருத்தமானது.